பூவில் உட்காராமல் தேன் குடிக்கும் பூச்சி: ஹாலிஎல வீட்டுத்தோட்டங்களுக்குச் சில குறிப்புகள்

பதுளை மாவட்டத்தில் ஹாலிஎல, தெமோதரை, ஸ்பிரிங்வெலிப் பக்கத்துத் தோட்ட லயங்களில் வாசலோரம் வெட்சியோ காசித்தும்பையோ பூத்திருந்தால், காலை வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பூச்சி வரும். பூவில் உட்காராது. அந்தரத்தில் நின்றபடியே நீளமான உறிஞ்சியை உள்ளே விட்டுத் தேன் குடிக்கும். நாம் கண் இமைப்பதற்குள் அடுத்த பூவுக்குப் போயிருக்கும். “பாட்டி, குட்டிக் குருவி வந்திருக்கு, ஓடி வாங்க!” என்று பிள்ளைகள் கூப்பிடுவது இதைப் பார்த்துத்தான். ஆங்கிலத்தில் ஹம்மிங்பேர்ட் மோத் என்பார்கள். பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தில், பகலில் பறக்கும் சில இனங்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர் அது. வாசலில் இது வந்ததும் குளவி என்று பயந்து துடைப்பத்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதன் புழுவை இலையில் கண்டதும் மருந்து டாங்கியைத் தோளில் மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் அவசியமே இல்லை.

1. குருவியா பூச்சியா என்று சந்தேகம் வந்தால் தலையைப் பாருங்கள். இரண்டு உணர்கொம்புகள் தெரிந்தால் பூச்சிதான். ஹம்மிங்பேர்ட் என்ற பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. இலங்கைக் காடுகளில் அது கிடையாது. நம் ஊரில் பூத்தேன் குடிக்கும் பறவை தேன்சிட்டு. அது பெரும்பாலும் காம்பைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு வளைந்த அலகைப் பூவுக்குள் நீட்டும், கீச்சுக்கீச்சென்று கத்தும். அந்துப்பூச்சி வந்தால் சிறகின் இரைச்சல் மட்டும் மெல்லக் கேட்கும்.

2. நம் பக்கம் வருபவற்றில் இரண்டு வகையை எளிதாகப் பிரித்தறியலாம். ஒன்றுக்குச் சிறகு கண்ணாடித்தாள் மாதிரித் தெளிவாக இருக்கும், உள்ளே நரம்புகள் மட்டும் தெரியும். உடம்பு மஞ்சள் கலந்த பச்சை, இடுப்பில் செம்பழுப்புப் பட்டை, வால்நுனியில் கருப்புக் குஞ்சம். இதன் அறிவியல் பெயர் செஃபோனோடெஸ் ஹைலாஸ். லின்னேயஸ் 1771இல் இதற்குப் பெயர் வைத்தார். கூட்டிலிருந்து வெளியே வரும்போது இதன் சிறகிலும் சாம்பல் நிறச் செதில்கள் இருக்கும். முதல் பறத்தலிலேயே அவை உதிர்ந்துவிடும். மற்றது மக்ரோகுளோசம் வகை. முன்சிறகு பழுப்பு, பின்சிறகில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் பட்டை. பறக்கும்போது அந்த மஞ்சள்தான் பளிச்சென்று தெரியும்.

3. இவை கொட்டா, கடிக்கா. இவற்றுக்குக் கொடுக்கே இல்லை. பார்ப்பதற்குக் குளவி மாதிரி இருப்பது, இவற்றைத் தின்ன வரும் பறவையை ஏமாற்ற உதவுகிறது. பிள்ளை கையை நீட்டினால் தடுக்க வேண்டாம், பூச்சியே விலகிப் போய்விடும். கைக்குள் பொத்திப் பிடிக்க மட்டும் விடாதீர்கள். சிறகு கிழிந்தால் அது மறுபடி வளராது.

4. இந்தப் பூச்சி தங்கள் வாசலுக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பூச்செடி வாங்க ஓடுகிறார்கள். கோப்பிச் செடியிலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை. எந்தப் பூவிலும் அது தேன் குடித்துவிட்டுப் போய்விடும். தாய்ப்பூச்சி முட்டையிட வேண்டுமானால், பிறக்கும் புழு தின்னக்கூடிய இலை வேண்டும். கண்ணாடிச் சிறகு வகைக்கு அந்த இலை கோப்பியும் அதே குடும்பத்துக் கார்டினியாவும் காட்டுப் பாவட்டையும்தான்.

கோப்பி நமக்கும் சாதாரணச் செடி இல்லை. நம் முன்னோரில் முதலில் தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்து வந்தவர்கள் கோப்பி பறிக்கத்தான் வந்தார்கள். தேயிலை அதற்குப் பிறகு வந்தது. 1869இல் மடூல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில்தான் இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மடூல்சீமை நம் பதுளை மாவட்டம்தான். அடுத்த இருபது வருடத்துக்குள் அந்த நோய் தீவின் கோப்பித் தொழிலையே சாய்த்துவிட்டது. துரைமார் கோப்பியைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள். ஆனாலும் ஊவாவின் வீட்டுத்தோட்டங்களை விட்டுக் கோப்பி முழுதாகப் போகவில்லை. பீலிக்கரையிலும் லயத்துக்குப் பின்னாலும் மிளகுக் கொடிக்குப் பக்கத்திலும் இன்றைக்கும் நிற்கிறது. அதை நம்பித்தான் இந்தக் கண்ணாடிச் சிறகுப் பூச்சி நம் வாசலுக்கு வருகிறது. பின்பக்கத்துக் கோப்பியை “காய்ப்பதில்லை” என்று வெட்டி விறகாக்குவதற்கு முன்னால் இதையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

5. கோப்பி இலை கெட்டுப்போனால் எல்லாப் பழியையும் புழுவின் மேல் போடாதீர்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். செம்மஞ்சள் தூள் விரலில் ஒட்டினால் அது அதே பழைய துரு நோய். நோய் பிடித்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும்படி கிளையைக் கழித்துவிட வேண்டும். இலை ஓரத்திலிருந்து அரித்துத் தின்ற மாதிரி இருந்தால்தான் புழு. செடிக்குக் கீழே தரையில் உருண்டை உருண்டையாகப் பச்சைக்கருப்பு எச்சம் கிடந்தால், அதற்கு நேர் மேலே அண்ணாந்து பாருங்கள். இலையின் நிறத்திலேயே, வாலில் ஒரு கொம்போடு, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

6. புழுவைக் கண்டால் என்ன செய்வது? ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கோப்பியில் நாலைந்து புழு இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். செடி அந்த இலைகளைத் திரும்பத் துளிர்த்துக்கொள்ளும். நாற்றாகவோ சட்டியில் வைத்த கார்டினியாவாகவோ இருந்தால் விஷயம் வேறு. ஒரு பெரிய புழு கொஞ்ச நாளிலேயே சின்னச் செடியை மொட்டையாக்கிவிடும். அப்போது புழுவை இழுக்காதீர்கள், கால்களால் இறுகப் பற்றியிருக்கும், உடம்பு கிழியும். அது உட்கார்ந்திருக்கும் இலையையோ சிறு கிளையையோ கத்தரித்து, பெரிய கோப்பிச் செடியின் கிளைக்கிடையில் செருகிவிடுங்கள். தானாக ஊர்ந்து புது இலைக்குப் போய்விடும். முருங்கையிலோ கொய்யாவிலோ கொண்டுபோய் விட்டால் பட்டினியில் செத்துவிடும்.

7. புழுவின் முதுகில் சின்னச் சின்ன வெள்ளைக் கூடுகள், அரிசியை நட்டு வைத்த மாதிரி, வரிசையாக நிற்பதைச் சில சமயம் காணலாம். அவை புழுவின் முட்டைகள் அல்ல. சின்னக் குளவி ஒன்று புழுவுக்குள் முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் உள்ளேயே வளர்ந்து வெளியே வந்து கட்டிய கூடுகள். அந்தப் புழு பிழைக்காது. ஆனால் குளவிகள் உங்கள் கொல்லையின் காவலாளிகள். அப்படியே விட்டுவிடுங்கள்.

8. எந்தப் புழுவைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவசியம். வழுவழுப்பான உடம்பு, வாலில் ஒற்றைக் கொம்பு என்றால் பருந்து அந்துப்பூச்சியின் புழு. கொம்பு பயமுறுத்துமே தவிரக் குத்தாது, நஞ்சும் கிடையாது. காசித்தும்பையிலும் சேம்பிலும் அலரியிலும் இருக்கும் உறவுப் புழுக்களுக்கு உடம்பின் முன்பக்கத்தில் கண் மாதிரிப் புள்ளிகள் உண்டு. தொந்தரவு செய்தால் தலையை உள்ளிழுத்து அந்தப் புள்ளிகளை உப்பிக் காட்டும், குட்டிப்பாம்பு என்றே தோன்றும். அடித்துவிடாதீர்கள்.

மயிரோ முள்ளோ உள்ள புழுவைத் தொடவே கூடாது. கம்பளிப்பூச்சியும், கொழுந்து பறிக்கும்போது கையில் பட்டு எரியும் முள்ளுப்புழுவும் இந்த இனத்தில் சேரா. பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் நுண்ணிய முட்கள் டேப்போடு வந்துவிடும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை வைத்திருங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

9. பூச்செடி என்றால் குழாய் மாதிரி நீண்ட பூவாகப் பாருங்கள். வெட்சிதான் முதல் தரம். சிவப்பு, செம்மஞ்சள், வெள்ளை எதுவும் ஆகும். பென்டாஸ், காசித்தும்பை, பட்டிப்பூ என்கிற நித்தியகல்யாணி ஆகியவையும் நல்லவை. ஒரு செடி இங்கே, ஒரு செடி அங்கே என்று வைப்பதைவிட ஒரே இனத்தைச் சேர்த்து நட்டால் பூச்சி அதிக நேரம் நிற்கும். நம் மலைச்சரிவெல்லாம் பரவிக் கிடக்கும் உண்ணிப்பூவுக்கும் இந்தப் பூச்சி ஆசையாகப் போகும். அதற்காக அதைக் கொண்டுவந்து நடாதீர்கள். அது 19ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, பிறகு தீவு முழுக்கப் பரவி மற்றச் செடிகளை அமுக்கிய அந்நியச் செடி. ஏற்கெனவே வேலியில் நிற்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்த இடத்தில் வெட்சியை ஏற்றுங்கள்.

10. வேலியைக் கவ்வாத்துப் பண்ணும்போது முழு வேலியையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள், பூச்சிக்குப் பூவே இல்லாமல் போகும். பாதியை வெட்டி, அது துளிர்த்துப் பூக்கத் தொடங்கியதும் மறுபாதியை வெட்டலாம்.

11. வேலியில் ஏறும் கொடி ஒன்று உண்டு. இலையைக் கசக்கினால் குமட்டும் நாற்றம் வரும், சின்னதாய் வெள்ளையும் ஊதாவும் கலந்த பூ. பீநாறிக் கொடி என்பார்கள். மக்ரோகுளோசம் வகைப் புழுக்களுக்கு அதுவும் மஞ்சவண்ணா மர இலையும் உணவு. வேலியின் ஒரு மூலையில் அந்தக் கொடியை விட்டுவைக்க முடிந்தால் விட்டுவையுங்கள். வாசலுக்கு நாறாது, கசக்கினால்தான் நாறும்.

12. மருந்து அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். மரக்கறிப் பாத்திக்கு அடிக்கும் மருந்து காற்றில் போய் வெட்சிப் பூவிலும் கோப்பி இலையிலும் படிகிறது. ஊவாவில் ஆனி, ஆடி, ஆவணியில் வீசும் காய்ந்த காற்றில் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அசுவினிக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும், காலையிலோ மாலையிலோ இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். மயிரோ முள்ளோ இல்லாத புழுக்களைக் கையால் பொறுக்கலாம். கடை மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் காற்று அடங்கிய நேரத்தில், பூக்காத செடிக்கு மட்டும்.

நல்ல பூச்சிகளின் அருமையை எல்லோரையும்விட நன்றாக அறிந்தது தேயிலைத் துறை. கொழுந்து இலையைச் சுருட்டித் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழு ஒரு காலத்தில் தோட்டங்களை வாட்டியது. 1930களின் நடுவில் மக்ரோசென்ட்ரஸ் என்ற சின்னக் குளவியை ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவிதான் புழுவை அடக்கியது. கண்மூடித்தனமாக அடிக்கும் மருந்து இப்படி நமக்கு உழைக்கும் பூச்சிகளையும் சேர்த்துக் கொல்கிறது.

13. மண்ணையும் பார்த்துக் கையாளுங்கள். முழுவளர்ச்சி அடைந்த புழு செடியை விட்டு இறங்கி, சருகுக்கடியிலோ மேல்மண்ணிலோ கூட்டுப்புழுவாக மாறும். மண்ணை முள்ளுக்குத்திக் கிளறும்போது பளபளக்கும் பழுப்புக் கூடு மேலே வந்தால், அதை நசுக்காமல் எடுத்து, அதே செடியடியில் ஈரமண்ணில் மேலாக வைத்து, சருகால் மூடுங்கள். தொட்டால் வாலை ஆட்டும், பயப்பட வேண்டாம். கோப்பிக்கு அடியில் சருகைக் கூட்டி நெருப்பு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சருகு ஈரத்தைக் காக்கும், எருவாகும், கூட்டுக்கும் போர்வையாகும். காய்ந்த காலத்தில் வைக்கும் நெருப்பு மானாப்புல்லைப் பற்றிக்கொண்டு மலை முழுக்க ஏறிய கதைகளும் நம் பக்கம் குறைவில்லை.

14. விடியற்குளிரில் இலையிலோ சுவரிலோ ஒரு பூச்சி நடுநடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். சிறகை இயக்கும் தசைகளை நடுக்கி உடம்பைச் சூடேற்றுகிறது. சூடு போதுமானதும் தானாகக் கிளம்பும். பாதியில் விரட்டினால் தரையில் விழுந்து எறும்புக்கு இரையாகும்.

15. வீட்டுக்குள் புகுந்து யன்னல் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தால் திரைச்சீலையை முழுதாக விலக்கி யன்னலைத் திறந்துவிடுங்கள். திறக்க முடியாத கண்ணாடி என்றால் வாயகன்ற போத்தலையோ தம்ளரையோ மேலே கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையை மெல்லச் செருகி வெளியே கொண்டுபோய் விடலாம். இரவில் வருபவை இதன் உறவுக்காரப் பெரிய அந்துப்பூச்சிகள். அவை விளக்கைத் தேடி வருகின்றன. இஸ்தோப்பு விளக்கைக் கொஞ்ச நேரம் அணைத்தால் போய்விடும். இரவு முழுக்க எரியும் வெள்ளை பல்புக்குப் பதிலாக மங்கலான மஞ்சள் பல்பு போட்டால் வருவதே குறையும்.

16. அந்த இரவு உறவினர்களையும் வெறுக்க வேண்டாம். பப்பாசிப் பூவில் மகரந்தம் சேர்ப்பதில் பருந்து அந்துப்பூச்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. “மரம் செழிப்பாக இருக்கிறது, காய் பிடிக்கவில்லை” என்று குறைப்படுகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள்: ஆண் மரங்களை எல்லாம் வெட்டிவிட்டீர்களா, மரத்துப் பக்கம் இரவு முழுக்க விளக்கு எரிகிறதா? ஓர் ஆண் மரமாவது நிற்கட்டும். அந்திமந்தாரையை அருகில் நட்டால், பொழுது சாயும்போது இந்தப் பூச்சிகள் அதைத் தேடி வரும். வற்றாளைக் கொடியில் கொம்புப் புழு கண்டால் அதுவும் இந்தக் குடும்பம்தான். கிழங்கு முற்றிய கொடியானால் அப்படியே விடலாம்.

தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதுகில் மண்டையோடு மாதிரி அடையாளம் உள்ள ஒரு பெரிய வகை, இரவில் பெட்டிக்குள் நுழைந்து தேனைக் குடிக்கும். பிடித்தால் கீச்சென்று கத்தும். கொல்ல வேண்டியதில்லை. பெட்டி வாசலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குக் குறைத்தால் போதும். பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. பெட்டி பற்றிய சந்தேகங்களை அங்கே கேட்கலாம்.

17. சீனித் தண்ணீர் வைக்காதீர்கள். எறும்பும் குளவியும்தான் வரும், தண்ணீரும் புளிக்கும். அந்தச் செலவுக்கு இன்னொரு வெட்சி நடலாம்.

18. படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பூச்சியைத் துரத்தாதீர்கள், பூவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அது அதே பூக்கொத்துக்குத் திரும்பவும் வரும். உங்கள் நிழல் பூவில் விழக்கூடாது. ஐரோப்பாவில் ஆராயப்பட்ட உறவு இனம் வினாடிக்கு 70, 80 தடவை சிறகடிக்கிறது. அதனால் கைத்தொலைபேசியில் சாதாரணப் படம் எடுத்தால் சிறகு புகைமூட்டமாகத்தான் விழும். ஸ்லோமோஷன் வீடியோவாக எடுத்து, அதிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்தெடுங்கள்.

கேமரா இல்லாத பிள்ளைகளுக்குப் பென்சில் கொடுங்கள். இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றி ஃபிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை வெளியிட்ட மூன்று பெரிய தொகுதிகளுக்குப் படம் வரைந்தவர்கள் பேராதனைப் பூங்காவின் ஓவியர் குடும்பமான டி அல்விஸ் சகோதரர்கள், இந்த நாட்டுக்காரர்கள். பூச்சியோடு அதன் புழுவையும் கூட்டையும் சேர்த்து வரைந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் அப்படியே செய்யலாம்: எந்தச் செடி, எந்த மாதம், மழையா வெயிலா என்று படத்துக்குக் கீழே எழுதி வைத்தால், லயத்துப் பிள்ளைகள் கையாலேயே ஹாலிஎலவின் பூச்சிக் கணக்கு உருவாகும். அது என் பெரிய ஆசை.

19. பிடித்துப் போத்தலில் அடைப்பதையும் ஊசி குத்திச் சேகரிப்பதையும் ஊக்கப்படுத்தாதீர்கள். 2024இல் யால தேசியப் பூங்காவில் பூச்சிகளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருந்த இரண்டு இத்தாலியர்களுக்கு நீதிமன்றம் 6 கோடி ரூபா தண்டம் விதித்தது. வெளியார் யாராவது தோட்டத்துக்கு வந்து “பூச்சி பிடித்துக் கொடுத்தால் காசு தருகிறேன்” என்று பிள்ளைகளிடம் கேட்டால், வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

20. கோப்பி இல்லாதவர்கள் ஐப்பசி மழை பிடித்ததும் நடலாம். நாற்றைப் பற்றி ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். இடம் இருந்தால் இரண்டு செடி வையுங்கள், ஒன்றைப் புழு தின்றாலும் மற்றதில் பழம் பறிக்கலாம். உச்சிவெயில் நேராகப் படாத, கிளிரிசிடியா நிழல் விழும் இடம் நல்லது. முதல் வருடம் புழு விழுந்தால் இலையோடு கத்தரித்து அயல்வீட்டுப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். ஆள் உயரம் தாண்டிவிட்டால் பிறகு கவலை வேண்டாம். காய்ந்த காலத்துக்குப் பிறகு வரும் முதல் நல்ல மழையை ஒட்டிக் கோப்பி ஒரே வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அந்த நாட்களில் காலையில் கொஞ்சம் முன்னதாகவே எழுந்து பின்வாசலைத் திறங்கள்.